பேழை ஒதுங்கிய கரை

எனக்கு ஏழோ எட்டோ வயது. திருகோணமலைக் கோணேசர் கோயிலுக்குப் போகிற வழியில், கோட்டை வாசலில் அம்மம்மா என் கையைப் பிடித்து நிறுத்தினார். வாசலோடு சேர்த்துக் கட்டியிருந்த ஒரு கல்லைக் காட்டி, "வாசி பிள்ளை" என்றார். அண்ணாந்து பார்த்தேன். இரண்டு மீன்கள் தெரிந்தன. எழுத்து மாதிரி ஏதோ கீறலும் தெரிந்தது. அதற்கு மேல் எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. அம்மம்மா கல்லைப் பார்க்காமலே சொல்ல ஆரம்பித்தார்.

"முன்னே குளக்கோட்டன் மூட்டு திருப்பணியைப் பின்னே பறங்கி பிரிக்கவே..."

அப்புறம் பூனைக்கண்ணன் வருவான், புகைக்கண்ணன் வருவான், செங்கண்ணன் வருவான் என்று பாட்டு போகும். ஒவ்வொரு கண்ணுக்கும் ஒரு விரலை மடக்குவார். எந்தக் கண் போர்த்துக்கீசர், எந்தக் கண் ஒல்லாந்தர், எந்தக் கண் ஆங்கிலேயர் என்பது சொல்கிற ஆளைப் பொறுத்து மாறும். எங்கள் வீட்டில் அம்மம்மா ஒரு கணக்கு வைத்திருந்தார், பெரிய மாமா வேறொரு கணக்கு. ஆனால் பாட்டு கல்லில் இருக்கிறது என்பதில் இரண்டு பேருக்கும் சந்தேகம் இருக்கவில்லை.

வளர்ந்து, பழைய எழுத்தைக் கொஞ்சம் வாசிக்கப் பழகிய பிறகு திரும்பவும் போய் நின்றேன். கல்லில் பாட்டின் தலைப்பக்கம் மட்டும்தான் இருந்தது, அதுவும் சிதைந்து. மீதி எல்லாம் வாய்வழியாக வந்தது. கோயிலை இடித்த கற்களைக் கொண்டே போர்த்துக்கீசர் கோட்டை கட்டினார்கள். அந்தக் கல்லைச் சுற்றி ஊர் தன் பாட்டைக் கட்டி முடித்திருக்கிறது. அம்மம்மா பொய் சொன்னார் என்று எனக்கு ஒருநாளும் தோன்றவில்லை. எங்கள் ஊரின் சரித்திரத்தில் கல் எது, வாய் எது என்று பிரித்துப் பார்க்கும் ஆசை அன்றைக்குத்தான் வந்தது. இந்தக் கட்டுரை அந்த ஆசையின் தொடர்ச்சி.

மீன் இரண்டும் பாண்டியர் சின்னம். 13ஆம் நூற்றாண்டில் சடையவர்மன் வீரபாண்டியன் கோணமலையில் தன் கயலைப் பொறித்ததாகப் புதுக்கோட்டைப் பக்கத்துக் குடுமியான்மலைக் கல்வெட்டு சொல்கிறது. அம்மம்மாவின் பாட்டில் பாண்டியன் இல்லை. கல்லிலேயே இருந்த மீன் எங்கள் கதைக்குள் வராமல் போனது ஏன் என்று யோசித்திருக்கிறேன். எங்கள் கதையில் ஒரே ஒரு அரசனுக்குத்தான் இடம் இருந்தது என்று நினைக்கிறேன்.

அந்த அரசன் குளக்கோட்டன். சோழநாட்டிலிருந்து வந்தான், கோணேசருக்குக் கோபுரமும் மதிலும் எடுத்தான், கோயில் வயலுக்குத் தண்ணீர் வேண்டுமென்று கந்தளாய்க் குளத்தைக் கட்டினான், வயல் செய்யவும் கோயில் தொழும்பு பார்க்கவும் குடிகளைக் கொண்டுவந்து இருத்தினான். தம்பலகாமத்தில் பிறந்த எவரும் பாலோடு இந்தக் கதையையும் சேர்த்துக் குடித்தவர்கள்தான். அம்மம்மா தம்பலகாமம். அவருடைய வயலுக்குக் கந்தளாய்த் தண்ணீர்தான் வரும். வாய்க்காலில் தண்ணீர் வந்த அன்று, "குளக்கோட்டன் தந்தது" என்று சொல்லிக் கையில் அள்ளிக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்.

பிறகு நான் ஆசிரியையாகி, கந்தளாயில் பிறந்து வளர்ந்த ஒரு சிங்களத் தோழி கிடைத்தாள். அவளுடைய அப்பா குடியேற்றத் திட்டத்தில் வந்தவர். அதே குளம், அதே அணைக்கட்டு. ஆனால் அவளுக்கு அது 7ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆண்ட இரண்டாம் அக்கபோதி கட்டிய குளம். அவளுடைய ஊரில் சிலர் இன்னும் முன்னே போய் மகாசேனன் என்பார்களாம். மகாசேனனைப் பற்றி மகாவம்சம் என்ற பழைய பாளிச் சரித்திர நூலில் ஒரு வரி இருக்கிறது. தேவர் கோயில்களை அழித்து விகாரைகள் கட்டினான், அவற்றில் ஒன்று கோகர்ணத்தில் என்று அந்த வரி சொல்கிறது. கோகர்ணம் எங்கள் ஊர்தான். எங்கள் பக்கத்தில் கதைக்கிறவர்கள் இந்த வரியைக் காட்டி, "பார், அதற்கு முன்னமே கோயில் இருந்தது" என்பார்கள். மறுபக்கத்தில் இதே வரியைக் காட்டி, "பார், அப்போதே விகாரை இருந்தது" என்பார்கள். வரி ஒன்று, வழக்கு இரண்டு.

1986 ஏப்ரல் 20ஆம் தேதி, விடியப் போகிற நேரத்தில் கந்தளாய் அணை உடைந்தது. நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் செத்துப் போனார்கள். தோழி அப்போது சின்னப்பிள்ளை. கூரையில் ஏற்றிவிட்டார்களாம். கீழே முற்றம் இருந்த இடத்தில் தண்ணீர் ஓடுகிற சத்தம் மட்டும் ஞாபகம் இருக்கிறது என்பாள். எங்கள் வீட்டில் அம்மம்மாவின் வயலில் மண் மூடிக் கிடந்ததை மாமா அந்த வருடம் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். நானும் அவளும் இந்த இரண்டு ஞாபகத்தையும் ஒருநாள் ஆசிரியர் அறையில் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். யார் கட்டினது என்ற பேச்சு அன்று வரவில்லை.

அந்தத் தோழியோடுதான் முதன்முதலாகப் பெரியகுளத்துக்குப் போனேன். பட்டணத்திலிருந்து தூரமில்லை. ஆனால் எங்கள் தலைமுறைத் தமிழர் பலர் போனதில்லை. சிங்களத்தில் வெல்கம் வெஹெர. எங்கள் பழைய ஆட்கள் நாதனார் கோயில் என்பார்கள். 1953இல் தொல்பொருள் திணைக்களம் அங்கே அகழ்ந்தபோது ஒரு பௌத்த விகாரை வெளியே வந்தது. அதோடு ஒன்றன்பின் ஒன்றாகத் தமிழ்க் கல்வெட்டுகளும் வெளியே வந்தன. சோழர் காலத்தவை. அவற்றில் அந்த விகாரைக்கு இராசராசப் பெரும்பள்ளி என்று பெயர்.

நான் அந்த இடிபாட்டுக்குள் நின்று இந்தப் பெயரை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். தஞ்சைப் பெருங்கோயிலைக் கட்டிய சிவபக்தனின் பெயர் ஒரு புத்த பள்ளிக்கு. விளக்கெரிக்கப் பசு கொடுத்தவர்கள் தமிழ்ப் பெயர் உடையவர்கள். தமிழில் எழுதி, புத்தருக்கு விளக்கு ஏற்றி, அதைச் சொல்ல எந்தக் கூச்சமும் இல்லாமல் இங்கே வாழ்ந்திருக்கிறார்கள். பொலன்னறுவையை ஆண்ட சோழர், வந்த இடத்தில் இருந்த விகாரையை இடிக்கவில்லை. வளர்த்துத் தங்கள் பெயரை வைத்திருக்கிறார்கள். நான் படித்த பள்ளிக்கூடச் சரித்திரத்தில் தமிழன் என்றால் சைவன், பௌத்தன் என்றால் சிங்களவன். தோழி படித்ததிலும் அப்படித்தான். இரண்டு புத்தகமும் சேர்ந்து இந்த மனிதர்களை இல்லாமல் செய்துவிட்டன. இதைச் சொல்லும்போது எனக்கு இன்றைக்கும் தொண்டை அடைக்கிறது. பசு கொடுத்த அந்த ஆளுக்குப் பிள்ளைகள் இருந்திருக்கும். அவர்களின் பேரர் நானாக இருக்கலாம், அவளாகவும் இருக்கலாம்.

கந்தளாயில் இதற்கு எதிர்ப்பக்கத்துச் சாட்சி ஒன்று இருக்கிறது. நிசங்கமல்லன் என்ற பொலன்னறுவை அரசன், 12ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஆண்டவன், அங்கே ஒரு கல் ஆசனத்தில் இருந்து தானம் கொடுப்பதைப் பார்த்தான் என்று அந்த ஆசனத்திலேயே சிங்களத்தில் வெட்டியிருக்கிறது. இடத்தின் பெயர் சதுர்வேதப் பிரமபுரம், பிராமணர் குடியிருப்பு. அன்னதானம் நடந்த சத்திரத்தின் பெயர் பார்வதி சத்திரம். பௌத்த அரசன் ஒருவன் பார்வதி பெயரில் நடந்த சத்திரத்தில் பசித்தவர் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். அவனுக்குக் கொஞ்சம் முன்னே இரண்டாம் கஜபாகு தன் கடைசிக் காலத்தைக் கந்தளாயில் கழித்தான் என்று மகாவம்சத்தின் தொடர்ச்சியான சூளவம்சம் சொல்கிறது. கோணேசர் கல்வெட்டு என்ற நம்முடைய நூலும் கயவாகு என்று ஓர் அரசனைச் சொல்கிறது. கோயிலை அழிக்க வந்து, மனம் மாறி, கோயிலுக்குக் கொடுத்தவன். இரண்டு நூல்களும் ஒரே ஊரைச் சுற்றி வருகின்றன, ஒன்றை ஒன்று பார்க்காமல்.

சரி, இனி நான் உண்மையில் சொல்ல வந்த இடத்துக்கு வருகிறேன். பேழைகள்.

குளக்கோட்டன் கதையில் ஒரு பெண் இருக்கிறாள். ஆடகசவுந்தரி. அம்மம்மா அவளைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் குரலைத் தாழ்த்துவார். கலிங்கத்து அரசன் மகள். பிறந்த வேளை சரியில்லை என்று சோதிடர் சொல்ல, குழந்தையைப் பேழையில் வைத்துக் கடலில் விட்டுவிடுகிறார்கள். பேழை நம் கரையில் ஒதுங்குகிறது. உன்னாசகிரி அரசன் எடுத்து வளர்க்கிறான். அவள் வளர்ந்து அந்த நாட்டுக்கு அரசியாகிறாள். குளக்கோட்டன் வந்து கோயில் வேலை தொடங்கியபோது, "ஆரடா என்ர நாட்டில கோயில் கட்டுறது, துரத்து" என்று ஆள் அனுப்பியவள் அவள்தான். அப்புறம்தான் பேச்சு, கல்யாணம், அவளுடைய பூதங்களைக் கொண்டு குளம் கட்டியது எல்லாம். கதையைக் கவனித்துப் பாருங்கள். குளக்கோட்டன் வரும்போது இது ஆளில்லாத காடு இல்லை. கேள்வி கேட்கிற ஓர் அரசி இருக்கிறாள். அவளும் வந்தவள்தான், அவளை எடுத்து வளர்த்தவன் அதற்கும் முன்னே இருந்தவன். சிறுவயதில் நான் குளக்கோட்டனை மட்டும் கேட்டிருக்கிறேன். இவளைக் கேட்கத் தொடங்கிய பிறகு கதையே திசை மாறிவிட்டது.

வடக்கே திரியாய்க்குப் போங்கள். தமிழ்க் கிராமம். பக்கத்து மலையில் கிரிகண்டு சைத்தியம் என்கிற பழைய தூபி. தபுசு, பல்லுக என்ற இரண்டு வணிகர்கள் புத்தரின் கேசத்தை ஒரு செப்பில் வைத்துக் கடல் வழியாகக் கொண்டுவந்தார்கள், மலையில் இறக்கி வைத்த செப்பைத் திரும்பத் தூக்க முடியவில்லை, அதனால் அங்கேயே தூபி எழுந்தது என்பது பௌத்தர்களின் கதை. மலையில் ஒரு பாறைக் கல்வெட்டு உண்டு. மொழி வடமொழி, எழுத்து பல்லவ கிரந்தம். அதிலும் கடலோடும் வணிகர் கூட்டத்தின் பெயர் வருகிறது.

தெற்கே வெருகல் பக்கம், இலங்கைத்துறை. கலிங்கத்து அரசகுமாரி ஹேமமாலா புத்தரின் பல்லைக் கூந்தலுக்குள் மறைத்துக்கொண்டு, கணவன் தந்தகுமாரனோடு கப்பலில் வந்து இறங்கிய துறை இதுதான் என்று சொல்கிறார்கள். திரும்பவும் கலிங்கம், திரும்பவும் ஒரு பெண், திரும்பவும் மறைத்துக் கொண்டுவந்த ஒரு பொருள்.

இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள், அது எங்கள் கரையில் நடந்ததல்ல. களனி அரசன் செய்த பாவத்தால் கடல் பொங்க, அவன் மகளைப் பொற்கலத்தில் வைத்துக் கடலில் விட்டார்கள். அவள் தென்கரையில் ஒதுங்கி, காவன்திஸ்ஸனுக்கு மனைவியாகி, துட்டகைமுனுவைப் பெற்றாள். விகாரமகாதேவி. தோழி இதைச் சொன்னபோது நான் ஆடகசவுந்தரியைச் சொன்னேன். "அக்கா, ஒரே கதை" என்றாள். ஒரே கதை என்று நான் சொல்லமாட்டேன். ஒரே கடலைப் பார்த்துக்கொண்டு வாழ்ந்தவர்கள் சொன்ன கதைகள்.

7ஆம் நூற்றாண்டில் சம்பந்தர் இந்த மலையைப் பாடும்போதும் கடல் இதைத்தான் செய்கிறது. சந்தனமும் அகிலும் மணியும் வாரிக்கொண்டு வந்து, "குரைகடல் ஓதம் நித்திலம் கொழிக்கும் கோணமா மலை." பள்ளிக்கூடத்தில் பதிகத்தை மனப்பாடம் செய்த காலத்தில் இது அலங்காரம் என்று நினைத்தேன். இப்போது அப்படித் தோன்றவில்லை. விலைமதிப்பான ஒன்று கடலில் வருகிறது, இங்கே தங்கிவிடுகிறது. சைவம் சொன்னாலும் பௌத்தம் சொன்னாலும் இந்தக் கரை தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்கிற முறை இதுதான்.

ஆனால் நாம் சரித்திரம் எழுதும்போது பேழையை எடுத்துவிட்டு, "ஆர் முதல்?" என்ற கேள்வியை வைத்துவிட்டோம். அந்தக் கேள்வி திருகோணமலைக்குள் பிறந்ததில்லை என்று நினைக்கிறேன். அனுராதபுரத்திலிருந்து பார்த்தாலும், யாழ்ப்பாணத்திலிருந்து பார்த்தாலும், தஞ்சையிலிருந்து பார்த்தாலும், கொழும்பிலிருந்து பார்த்தாலும் நாங்கள் ஓரம். ஓரத்தில் இருப்பதை உரிமை கொண்டாடத்தான் முதல் தேவைப்படுகிறது. ஓரத்திலேயே வாழ்கிறவனுக்கு வேறு கேள்விகள் இருக்கின்றன. தண்ணீரை எந்த வயற்கண்டத்துக்கு முதலில் விடுவது, துறையில் இறங்கினவனை எங்கே படுக்க வைப்பது, கோயிலில் விளக்கு ஆர் ஏற்றுவது.

விளக்கு ஆர் ஏற்றுவது என்பதற்கு ஒரு நூலே இருக்கிறது. கவிராச வரோதயர் பாடிய கோணேசர் கல்வெட்டு. பெயரில் கல்வெட்டு, ஆனால் அது ஏட்டில் இருந்த நூல். அதைக் குளக்கோட்டன் புகழாகத்தான் எல்லோரும் வாசித்தோம். நான் இரண்டாம் முறை வாசித்தபோது அரசனை விட்டுவிட்டு வேலைகளை மட்டும் பார்த்தேன். மருங்கூரிலிருந்து தானத்தார் வருகிறார்கள், காரைக்காலிலிருந்து வரிப்பத்தார் வருகிறார்கள். பண்டாரத்தை ஆர் காப்பது, பூ ஆர் எடுப்பது, நெல் ஆர் குற்றுவது, ஆருக்கு எந்த முறை என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போகிறது. பிணக்கு வந்தால் தீர்க்க மதுரையிலிருந்து ஒரு வன்னிபம், அதாவது ஒரு சிற்றரசன், வந்து அமர்கிறான். அவன் பெயர் தனியுண்ணாப் பூபாலன். தனியே உண்ணாத அரசன்! எத்தனையோ அரசர்களின் மெய்க்கீர்த்திகளை வாசித்திருக்கிறேன், இதைப்போல ஒரு பட்டம் என் கண்ணில் பட்டதில்லை.

இது வெற்றி பாடுகிற நூலாக எனக்குப் படவில்லை. பல இடங்களிலிருந்து வந்து ஓர் ஊரில் இருக்க வேண்டியவர்கள், சண்டை பிடிக்காமல் இருக்கச் செய்துகொண்ட உடன்படிக்கை. அதனால்தான் அது தப்பியது. 1622இல் தொடங்கி போர்த்துக்கீசர் கோயிலை இடித்தார்கள். இந்துக்களின் ரோமாபுரி என்று அவர்களுடைய பாதிரியாரே எழுதிய கோயில் அது. கல் கோட்டைக்குப் போனது. விக்கிரகம் சில மண்ணுக்குள் போயின. 1950இல் கிணறு வெட்டும்போது சில வெளியே வந்தன. இன்றைய கோயிலுக்குக் குடமுழுக்கு 1963இல்தான் நடந்தது. இடையில் மலையில் கோயில் இல்லை, ஆனால் முறை இருந்தது. தம்பலகாமத்தில் ஆதிகோணநாயகர் கோயில் எழுந்து, அதே தொழும்பு அங்கே தொடர்ந்தது. அம்மம்மாவின் வீட்டார் வரிப்பத்தார் என்று சொல்லிக்கொள்வார்கள். காரைக்காலை அவர் கண்ணால் கண்டதில்லை. ஆனால் எந்தத் திருவிழாவில் தன் வீட்டு வேலை எது என்று அவருக்குத் தெரியும்.

ஐரோப்பியர் கதையை நான் நீட்டப் போவதில்லை. துறைமுகத்தைப் பற்றி எழுதுகிற எல்லோரும் அதைத்தான் நீட்டுகிறார்கள். 1620இல் டேனிஷ்காரர் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். 1639இல் கண்டி அரசனின் துணையோடு ஒல்லாந்தர் கோட்டையைப் பிடித்தார்கள். 1782 ஜனவரியில் ஆங்கிலேயர், அதே வருடம் ஆகஸ்டில் பிரெஞ்சுக்காரர். 1795இல் திரும்பவும் ஆங்கிலேயர். கோட்டையில் கொடி மாறியபோது மூதூர்ப் பக்கத்துக் கொட்டியாரத்தில் ஒருவேளை நெல் அறுத்துக்கொண்டிருந்திருப்பார்கள்.

கொட்டியாரம் என்றதும் ரொபர்ட் நொக்ஸ் என்ற ஆங்கிலேய மாலுமி ஞாபகம் வருகிறார். பாய்மரம் முறிந்த கப்பலைச் சீர்செய்ய வந்து, 1660இல் மூதூர்ப் பக்கத்தில் கண்டி அரசனின் ஆட்களிடம் பிடிபட்டு, பத்தொன்பது வருடத்துக்கு மேல் மலைநாட்டில் இருந்தவர். எனக்கு அதில் முக்கியமாகப் படுவது வேறு. அந்த வருடங்களில் கொட்டியாரம் கண்டிக்குக் கடல் வாசல். வன்னிபம் கண்டிக்குத் திறை கட்டும், கோணேசருக்குத் தொழும்பு செய்யும், கடற்கரையில் எந்தக் கப்பல் வந்தாலும் அரிசி விற்கும். எந்த நாட்டுக்குச் சொந்தம் என்று கேட்டிருந்தால் அந்த ஆட்கள் கேள்வியையே விளங்கிக்கொண்டிருக்க மாட்டார்கள். அந்த இடத்துக்குப் பெயர் பற்று. கொட்டியாரப்பற்று, கட்டுக்குளப்பற்று, தம்பலகாமப்பற்று. பற்று என்றால் நிலப்பிரிவு, பற்று என்றால் பிடிப்பும்தான்.

எங்கள் பக்கத்தில் இன்னொரு சொல் இருக்கிறது. பாதை. எங்கள் ஊரில் பாதை என்றால் தெரு இல்லை. ஆட்களையும் வாகனத்தையும் ஏற்றிக்கொண்டு களப்பையோ ஆற்றையோ கடக்கிற மிதப்பு. "பாதை அந்தப் பக்கம் நிக்குது" என்றால் கரையில் காத்திருக்க வேண்டும். 2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கும்வரை அங்கே பாதைதான். பட்டணத்திலிருந்து வெருகல் வரைக்கும் போவதானால் எத்தனை துறை! பாதைக்குள் நின்ற நேரத்தில் ஏற்பட்ட பழக்கங்கள் எங்கள் வீட்டில் கல்யாணங்கள்வரை வந்திருக்கின்றன. 2021இல் குறிஞ்சாக்கேணியில் ஒரு பாதை கவிழ்ந்து பள்ளிக்கூடப் பிள்ளைகளும் செத்துப்போனபோது, அந்தச் சொல்லையே ஒரு வாரம் என்னால் வாயில் எடுக்க முடியவில்லை.

எல்லை என்ற சொல் எனக்கு முதலில் வந்தது செய்தியில். எல்லைக் கிராமம். போர்க் காலத்தில் அந்தச் சொல் வந்தால் அடுத்து எத்தனை பேர் என்று எண் வரும். எந்தப் பக்கத்துக் கிராமமாக இருந்தாலும் எண் வரும். அதற்கு முன் எல்லை என்றால் அம்மம்மாவுக்கு எல்லைக் காளி. ஊர் முடிகிற இடத்தில் வைரவரோ காளியோ இருக்கும், அந்தப் பக்கத்து ஊராரும் அதே இடத்தில் பொங்குவார்கள். எல்லை என்பது இரண்டு ஊரும் வந்து அடுப்பு மூட்டுகிற இடம்.

இதையெல்லாம் நான் கதைத்தால் என் மச்சான் ஒருவருக்குக் கோபம் வரும். போன பொங்கலுக்கு வீட்டு முற்றத்தில் வைத்தே வந்தது. "மச்சாள், நீங்க வடிவாத்தான் கதைக்கிறீங்க. 1881ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில இந்த மாவட்டத்தில சிங்கள ஆக்கள் ஆயிரம் பேர்கூட இல்லை. இண்டைக்கு நாலில ஒருவருக்கு மேல. முதலிக்குளம் மொறவெவ ஆனதும் குமரேசன்கடவை கோமரங்கடவல ஆனதும் பேழையில வந்ததா?"

அவர் சொன்ன கணக்கு சரி. 1881இல் மாவட்டம் முழுக்க 22 ஆயிரம் பேர் சொச்சம்தான். சுதந்திரத்துக்குப் பிறகு கந்தளாய், அல்லை, முதலிக்குளம் என்று அரசாங்கத் திட்டங்களில் ஆட்களைக் கொண்டுவந்து இருத்தினார்கள். தண்ணீர் வந்த இடத்தில் வாக்குத் தொகுதியும் மாறியது. காணி இழந்தவர்கள் என் உறவினர்களிலேயே இருக்கிறார்கள். பழைய சரித்திரத்தைத் திரும்பப் பார்ப்பது இந்த நியாயத்தை விட்டுக்கொடுப்பதில்லை என்று அவரிடம் சொன்னேன். காணி பறிபோனவனுக்குக் காணிதான் நியாயம். அதற்கு ஓர் உறுதிப்பத்திரமும், அவன் அங்கே நட்ட தென்னையும், அவன் தாயின் புதைகுழியும் போதும். ஆயிரம் வருடத்துக்கு முன் ஆர் அரசன் என்று அவன் நிரூபிக்கத் தேவையில்லை. அப்படி நிரூபிக்கச் சொல்கிறவனின் கேள்வியை நாமும் ஏற்றுக்கொண்டு, அதே பாணியில் ஒரு சரித்திரம் எழுதினோம். அந்தச் சரித்திரத்தில் இராசராசப் பெரும்பள்ளிக்கு இடமில்லாமல் போனது, கடற்கரை வேடருக்கு இடமில்லாமல் போனது, மூதூரிலும் கிண்ணியாவிலும் தலைமுறை தலைமுறையாக வயலும் கடலும் செய்த முஸ்லிம்கள் அடிக்குறிப்பாகப் போனார்கள். இன்று அவர்கள்தான் மாவட்டத்தில் கூடிய தொகையினர்.

பெயர் மாற்றத்தைப் பற்றி ஒன்று. பெரியவிளாங்குளம் இன்று மகதிவுல்வெவ. மக என்றால் பெரிய, திவுல் என்றால் விளா, வெவ என்றால் குளம். பலகையில் ஒரு பெயரை மட்டும் வைத்தவர் செய்தது அநியாயம். ஆனால் இந்தப் பெயர் ஒரு மொழியிலிருந்து மற்றதற்கு இவ்வளவு சுத்தமாக மாற, எந்தக் காலத்திலோ ஒருவர் இரண்டு மொழியும் தெரிந்து அந்த விளாமரத்தடியில் நின்றிருக்க வேண்டும். எனக்கு அந்த ஆளைத் தெரிந்துகொள்ள ஆசை. மச்சான் இதற்கு ஒன்றும் சொல்லவில்லை. பொங்கலைச் சாப்பிட்டார்.

கடந்த ஆகஸ்ட் விடுமுறையில் மூதூரில் பிள்ளைகளுக்கு ஒரு சரித்திரப் பட்டறை நடத்தினேன். பல பள்ளிக்கூடங்களிலிருந்து முப்பது பேர்வரை வந்தார்கள். அரசர் பெயர் எதுவும் வேண்டாம், வீட்டுக்குப் போய் மூத்த ஆட்களிடம் "நாங்கள் இங்கே எப்படி வந்தோம்" என்று மட்டும் கேட்டு வாருங்கள் என்றேன். அடுத்த நாள் ஒவ்வொருவராக எழும்பிச் சொன்னார்கள். சம்பூர்ப் பிள்ளை ஒருத்தி, தாத்தாவின் தாத்தா தோணியில் வந்தவர் என்றாள். ஒரு பொடியன், தன் ஆட்கள் வெற்றிலை வியாபாரத்துக்கு வந்து பெண் எடுத்து நின்றுவிட்டார்கள் என்றான். கிண்ணியாப் பிள்ளை, உம்மம்மாவின் ஆட்கள் கப்பலில் வந்தவர்கள், எந்த ஊரிலிருந்து என்று உம்மம்மாவுக்கே தெரியாது என்றாள். காரைக்கால், இராமநாதபுரம், யாழ்ப்பாணம் எல்லாம் வந்தன. ஒருத்தி தொண்ணூறில் அகதியாக வந்ததைச் சொன்னாள். பாட்டி ஒரு தகரப்பெட்டியோடு வந்து இறங்கினாராம். பெட்டி இன்னும் வீட்டில் இருக்கிறதாம்.

கடைசி வாங்கில் ஒரு பையன் இருந்தான். வெருகல் பக்கத்துக் கிராமம், வேடர் குடும்பம். எழும்பி நின்று கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். பிறகு சொன்னான்.

"எங்கட ஆக்கள் எங்கயிருந்தும் வரேல்ல டீச்சர். இஞ்சதான் இருந்தவங்க."

வகுப்பு சத்தமில்லாமல் இருந்தது. கிண்ணியாப் பிள்ளை திரும்பி அவனைப் பார்த்தாள்.

"அப்ப எங்கட ஆக்கள் கப்பல்ல வரக்குள்ள?"

"நாங்க கரையில நிண்டம்" என்றான்.